ஆயில் இருந்தது

அத்தியாயம் பன்னிரண்டு

கொட்டகைப் பூட்டைப் பெரியவள் சுத்தியலால் உடைத்தபோது காலை மணி எட்டு. மூன்றாவது அடியிலேயே பூட்டு வாயைப் பிளந்துவிட்டது. நாலாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் அடித்தாள்.

"சாவிய எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்ல" என்று தம்பி சொல்லி நாலு நாளாகிறது. வீட்டில் ஒரு பேனா மூடி காணாமல் போனாலும் எல்லோரையும் எழுப்பித் தேடச் சொல்கிறவன், இந்தச் சாவியை மட்டும் தேடவே இல்லை. அப்போதே பெரியவளுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். படவில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் நீதிபதியின் சட்டைப் பையையா சோதிப்பாள்?

ஒன்பது நாளாக அவள் கூண்டில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு, பதினெட்டு வருஷமாக இந்த நாற்றுப் பண்ணையைத் தூக்கி நிறுத்தியவள் அவள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இந்த ரோஜாப் பதியன் வேர் பிடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டாள். பதியன்கள் வேர் பிடித்தன, பேச்சு நின்றுபோயிற்று. இப்போது வயது நாற்பத்து நாலு. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமில்லை. வருத்தப்பட நேரம் இருந்ததில்லை என்றும் சொல்லலாம்.

பண்ணையின் கால்கள் என்றால் அது குள்ளன்தான். குள்ளன் என்பது பழைய தோட்டத்து டிராக்டர். பெரிய டிராக்டர் பக்கத்தில் நிறுத்தினால் அது பெற்ற பிள்ளை மாதிரி இருக்கும். வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டும், பாத்திகளைக் கிளறும், நூறு தொட்டிகளை ஏற்றிய இழுவண்டியை வாசல்வரை இழுத்து வரும். அந்தக் குள்ளன்தான் ஒன்பது நாளுக்கு முன்பு, புல் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கிறீச்சென்று கத்தி உள்ளே எதையோ உடைத்துக்கொண்டு நின்றது.

மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அலுவலக வேலை பார்க்கிற தம்பி அன்றைக்கு என்றுமில்லாத திருநாளாகத் தோட்டத்துக்கு ஓடி வந்தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினான். துணியில் துடைத்தான். மறுபடி விட்டு எடுத்தான். கோர்ட்டில் கத்தியைக் காட்டுகிற மாதிரி அம்மாவிடம் காட்டினான்.

"ஒரு சொட்டு இல்ல. பார்த்துக்கோங்க. ஆயில் பார்க்காம ஓட்டி எஞ்சினக் கொன்னுட்டா."

பெரியவள் தினமும் காலையில் ஆயில் பார்க்கிறவள். ஆனால் அன்று விடிந்ததும் விடியாததுமாக நாற்று ஏற்ற லாரி வந்து நின்றது. அந்த அவசரத்தில் பார்த்தோமா, பார்க்கவில்லையா? யோசிக்க யோசிக்க நினைவு குழம்பியது. மூன்றாம் நாளே அவளும் நம்பிவிட்டாள்.

அதன் பிறகு தம்பிக்கு வேலை சுலபமாயிற்று. ஒரு எஞ்சினையே பார்த்துக்கத் தெரியாதவ, பண்ணைய எப்படிப் பார்த்துப்பா? இந்தப் பழைய வண்டிக்கு எஞ்சின் எங்க கிடைக்கும்? பின்பக்க நிலத்தைக் குடோன்காரர் பதினைந்து வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார், கொடுத்துவிட்டால் என்ன? ஒரு வருஷமாக அவன் கேட்டு, அவள் முடியாது என்று தட்டிக் கழித்த விஷயம் இது. பின்பக்க நிலம் போனால் நாற்று மேடை போகும், கிணறு போகும். மிச்சம் இருப்பது வாசலில் நாலு தொட்டி. பத்திரத்தில் அம்மா, மகள், மகன் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். போன வெள்ளிக்கிழமை, குற்ற உணர்ச்சி தாங்காமல், பெரியவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

இன்று மாலை நாலு மணிக்குக் குடோன்காரர் வருகிறார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செத்ததை ஒரு தடவை திறந்து பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதனால்தான் சுத்தியல். அதனால்தான் பொறுமையையும் வரச் சொல்லியிருந்தாள்.

பொறுமை என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. வண்டி கொண்டுவருகிற ஒருவரையும் திட்டாமல் அனுப்பாததால் ஊரார் நக்கலாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

"ஒம்பது நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" இதுதான் அவருடைய வணக்கம். "செத்த எஞ்சினுக்கு நாள் கணக்குப் பார்த்தீங்களா?"

"பூட்டி இருந்துச்சுண்ணே."

"பூட்டி இருந்தா உடைக்கணும்."

"உடைச்சுட்டேன்."

அவர் தரையில் கிடந்த பூட்டைப் பார்த்தார். கொஞ்சம் சமாதானமானார். பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். எதையும் தொடவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார். அங்கேயே வெகுநேரம் இருந்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"யாரு சொன்னது ஆயில் இல்லன்னு?"

"தம்பி குச்சிய எடுத்துப் பார்த்தான். நானும் பார்த்தேன். காஞ்சு கிடந்துச்சு."

"குனிஞ்சு பார்த்தீங்களா?"

குனிந்து பார்க்கிற தைரியம் அன்றைக்கு அவளுக்கு இல்லை.

"வாங்க இங்க. படுங்க. படுத்துப் பாருங்கங்கறேன்."

பெரியவள் தரையில் படுத்தாள். டார்ச் வெளிச்சத்தில் எஞ்சினின் அடிவயிற்றில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. விளிம்புகள் வெளிப்பக்கமாக மலர்ந்திருந்தன. ஓட்டைக்குக் கீழே இரும்புச் சட்டம், தகடு, பெல்ட், புல் வெட்டும் தட்டின் முதுகு எல்லாவற்றிலும் கறுப்பாக, கெட்டியாக ஆயில். ஒன்பது நாள் தூசி அதன் மேல் படிந்து தார் போட்ட ரோடாகியிருந்தது.

"உள்ள ராடு உடைஞ்சு அடியைக் குத்திக் கிழிச்சிருக்கு. அந்த ஓட்டை வழியா மொத்த ஆயிலும் கீழ போயிருக்கு. தோட்டத்து மண்ணு குடிச்சது போக இங்க ஒட்டியிருக்கறதே இவ்ளோ. அப்புறமா குச்சிய விட்டா காய்ஞ்சுதான் இருக்கும். ஆயில் இல்லாத எஞ்சின் இவ்ளோ ஆயில எங்கேர்ந்தும்மா கக்கும்? அது என்ன, கடன் வாங்கியா கக்கும்?"

பெரியவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே படுத்துக் கிடந்தாள். ஆயில் இருந்தது. அவள் பார்த்திருக்கிறாள். எல்லா நாளும் போல அன்றைக்கும் பார்த்திருக்கிறாள். ஒன்பது நாளாகத் தன்னையே நம்பாமல் இருந்ததற்கு அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, அதை மட்டும் அடக்கிக்கொண்டாள்.

"அப்ப ஏன் செத்துச்சு?"

"சூட்டுல செத்திருக்கு. இது தண்ணியில குளிர்ற எஞ்சின் இல்ல, காத்துல குளிர்றது. காத்த யாரோ நிறுத்தியிருக்காங்க."

எஞ்சினின் தலையில் தொப்பி மாதிரி ஒரு தகர மூடி. மேலே ஓரம் பிய்ந்த வலை. அதற்குள் இருக்கிற விசிறி வலை வழியாகக் காற்றை இழுத்து எஞ்சினின் மேல் தள்ளும். பொறுமை ஆறு போல்ட்டுகளைக் கழற்றினார். மூடி வரவில்லை. உள்ளே எதுவோ பிடித்து இழுத்தது. திருப்புளியை விட்டு நெம்பினார். சடசடவென்று கிழிந்துகொண்டு வந்தது.

உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு குவியல். விசிறி இறக்கைகளில் சுற்றிக்கொண்டு, அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளின் மேல் உருகி, ஆறி, கருகிப் போயிருந்தது.

"எலிக் கூடா?" என்றாள்.

பொறுமை மூடியின் மூலையில் உருகாமல் ஒட்டியிருந்த ஒரு துண்டைப் பிய்த்து எடுத்தார். தலையணைக்குள் வைக்கிற ஸ்பாஞ்ச். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் கருகல். மறுபக்கம் நேர்க்கோடாக வெட்டிய விளிம்பு.

"எலி கத்தரிக்கோல் வெச்சுக்குமா?" என்றார்.

பெரியவள் அந்தத் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இந்த எஞ்சின் இனிமே ஆகாது" என்று அவரே தொடர்ந்தார், வழக்கத்தைவிடத் தணிந்த குரலில். "பிஸ்டன் ஒட்டிப்போச்சு, அடி கிழிஞ்சுபோச்சு. மாத்திடலாம். என் பட்டறையில ஜெனரேட்டர்லேர்ந்து எடுத்த எஞ்சின் ஒண்ணு இருக்கு. இதே சக்தி. பெல்ட்டச் சுத்தற ஷாஃப்ட் அதுலயும் பக்கவாட்டுல வருது, உங்களதும் பக்கவாட்டு. போல்ட் ஓட்டை சேராது, நடுவுல ஒரு இரும்புத் தகடு போட்டு ஓட்டை போடணும். பெல்ட் ஓடற புல்லியைக் கொஞ்சம் கடைஞ்சு எடுக்கணும். ரெண்டு நாள் வேலை."

"எஞ்சினே கிடைக்காதுன்னானே தம்பி."

"கடையில கேட்டிருப்பாரு. இப்ப வர்றதெல்லாம் ஷாஃப்ட் தரையப் பார்த்து வர்றது. அத வாங்கினா பெல்ட் மாட்ட பூமியத்தான் தோண்டணும். என்கிட்ட யாரும் கேக்கலயே?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வந்து குனிந்து பார்த்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. தம்பி பெண்டாட்டி. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்தவள், திறந்து கிடந்த கதவைப் பார்த்து வந்திருக்கிறாள். "பூட்டு..." என்று ஆரம்பித்தாள். பெரியவள் கையில் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தாள். அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது.

சிலருக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு வாய் பொய் சொல்லும், முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவள் முதல் ஜாதி. ஒன்பது நாளாக இவள் ஏன் மாடியை விட்டு அதிகம் இறங்கவில்லை என்பது பெரியவளுக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியது.

"இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"குழந்தைக்கு அன்னைக்கு ஜுரம் அண்ணி." என்றாள். "ராத்திரி பூரா அழுதுது. விடிஞ்சப்புறம்தான் கண்ண மூடுச்சு. நீங்க புல்லு வெட்டப் போறீங்கன்னு தெரியும். சத்தம் அந்த வலை போட்ட இடத்துலேர்ந்துதான் வருதுன்னு நெனச்சேன். நீங்க லாரிகிட்ட நின்னுட்டிருந்தப்ப வந்து, பானெட்டத் தூக்கி அதுக்கு மேல வெச்சு அமுக்கிட்டேன். மேல வெச்சா சத்தம் மட்டும்தான் குறையும்னு... சத்தியமா அண்ணி, இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

பொறுமை தலையில் அடித்துக்கொண்டார். "விசிறி உறிஞ்சி இழுத்துருக்கும்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பெரியவள் கையை ஓங்கியே விட்டாள். குழந்தை இடுப்பில் இருந்ததால் தம்பி பெண்டாட்டி தப்பினாள்.

"நீ வெச்சே. சரி. தெரியாம வெச்சே, அதுவும் சரி. ஒம்பது நாளா அம்மாவும் உன் புருஷனும் என்ன நிக்க வெச்சுக் கேட்டாங்களே, அப்ப உன் வாய்ல என்ன இருந்துச்சு?"

"அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன் அண்ணி."

"யார்கிட்ட?"

கேட்டிருக்கவே வேண்டாம். பதில் என்ன என்பது பெரியவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"உங்க தம்பிகிட்ட. 'நல்லதாப் போச்சு, நீ வாயத் தொறக்காதே'ன்னார்."

நல்லதாப் போச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைச் சுமக்க ஓர் ஆள், பாவத்தை மறைக்க ஓர் ஆள், லாபம் பார்க்க ஓர் ஆள் என்று வீட்டுக்குள்ளேயே பங்கு பிரித்திருக்கிறார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் அவள். அவன் படிப்புக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு நாற்று விற்றவள் அவள். இதையெல்லாம் சொல்லிக்காட்டுவது அசிங்கம் என்று இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவள்தான்.

"அண்ணே, இந்த எஞ்சின இறக்குங்க" என்றாள். "உங்களத எடுத்துட்டு வாங்க."

"சாயங்காலம் நீங்க என்னமோ கையெழுத்து..."

"எஞ்சின எடுத்துட்டு வாங்கங்கறேன்ல!"

ஊரையே திட்டுகிற பொறுமை, திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் ஸ்பேனரை எடுத்தார். அன்றைக்கு ஊரில் அதிசயம் என்று ஏதாவது நடந்தது என்றால் அது அதுதான்.

பெரியவள் உடனே வீட்டுக்குள் போகவில்லை. போனால் கையில் இருக்கிற சுத்தியலோடு போய்விடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. நாற்று மேடைக்குப் போய்த் தண்ணீர் விட்டாள். எலுமிச்சைக் கன்றுகளுக்குக் களை எடுத்தாள். களையோடு இரண்டு கன்றையும் பிடுங்கிவிட்டாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றரை மணிக்குக் கையைக் கூடக் கழுவாமல் உள்ளே நுழைந்தாள்.

கூடத்து மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. பத்திரம், அதன் மேல் பேனா. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி குழந்தையோடு சமையலறை வாசலில், சுவரோடு சுவராக.

"போய்க் கை கால் கழுவிட்டு வா" என்றான் தம்பி. "அவர் வர நேரமாச்சு. இந்தக் கோலத்துலயா கையெழுத்துப் போடுவே?"

பெரியவள் கருகிய ஸ்பாஞ்சைப் பத்திரத்தின் மேல் வைத்தாள். வெள்ளைத் தாளில் கறுப்பு மை மாதிரி கரி உதிர்ந்தது.

"என்ன இது, குப்பையெல்லாம் கொண்டுவந்து..."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பூட்டு போட்டு வெச்சியே, இதுக்குத்தானே போட்டே?"

தம்பி திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இனி அவன் இல்லை என்று தலைகீழாக நின்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"நீதான் உளறினியா?" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"அவள விடு. அவ ஒரு தப்புப் பண்ணா. அத உன்கிட்ட சொல்லவும் செஞ்சா. நீ என்ன பண்ணே? குச்சியத் தூக்கிட்டு ஊர்வலம் போனியே, அன்னைக்குச் சாயங்காலமே உனக்குத் தெரியும்ல? மறுநாள் வந்து 'அக்கா, ஆயில் இருந்துதாம், நான்தான் அவசரப்பட்டுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு எழலையா?"

"சொன்னா மட்டும் எஞ்சின் உசுரோட வந்துடுமா?"

"நான் வந்திருப்பேன்டா உசுரோட! ஒம்பது நாளா ராத்திரி தூங்காம, அன்னைக்குக் காலைல ஆயில் பார்த்தேனா இல்லையான்னு கூரையப் பார்த்துட்டுக் கிடந்தேன். எனக்கு மூளை மழுங்கிப்போச்சுன்னு நானே நம்பிட்டேன். நம்ப வெச்சது நீ."

"சும்மா கத்தாதே. நிலத்தக் குடுக்கறது எல்லாருக்கும் நல்லது. நீ ஒழுங்காக் கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா? ஒரு வருஷமாக் கேட்டேன். மண்டைய ஆட்டினியா?"

"அதனால எனக்குத் தெரியாம என்னையே கொன்னு, அதுக்கப்புறம் என்கிட்டயே கையெழுத்து வாங்கலாம்னு பார்த்தே."

தம்பி வாசலையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குற்றத்தை ஒத்துக்கொள்கிறவனின் பார்வை இல்லை இது. அடுத்த வாதத்தைத் தேடுகிறவனின் பார்வை. அது பெரியவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பெரியவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். இத்தனை கூச்சலிலும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அதிர்ச்சியால் என்றுதான் பெரியவள் நினைத்தாள். பாவம், பெற்ற பிள்ளை இப்படிச் செய்வான் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

"கேட்டியாம்மா உன் பிள்ளையோட யோக்கியதைய?"

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மேசையில் கிடந்த ஸ்பாஞ்சை விரல் நுனியால் நகர்த்தினாள், பத்திரத்தில் கரி படாமல்.

"போதும்டி. அவன விடு."

"விடறதா?"

"சத்தம் தாங்கலன்னு இந்தப் பொண்ணு அழுதுட்டு வந்து நின்னுச்சு. பழைய தலையணையக் கிழிச்சு வெட்டிக் குடுத்ததே நான்தான். ஒம்பது நாளா எனக்கும் தெரியும்."

சமையலறை வாசலில் தம்பி பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகையில் இதை மட்டும் அவள் சொல்லவில்லை.

தம்பி மேல் வந்த கோபம்தான் பெரிசு என்று பெரியவள் இதுவரை நினைத்திருந்தாள். அது சில்லறை.

"தெரிஞ்சுமா, என்னப் பார்த்து 'இப்படிப் பொறுப்பில்லாம இருந்துட்டியே'ன்னு கேட்டே? நான் உன் மடியில விழுந்து அழுதேனேம்மா. என் முதுகத் தடவிக் குடுத்தியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா?"

அம்மா கோபப்படவில்லை, கண்ணீரும் விடவில்லை. காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அவன் மேல தப்புன்னு ஆயிட்டா, கோவிச்சுக்கிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோட கிளம்பிடுவான். எனக்கு வயசாயிடுச்சு, பேரப்பிள்ளையப் பார்க்காம இருக்க முடியாது. உன் மேல தப்புன்னா என்ன ஆயிடும்? நாலு நாள் அழுவே. அப்புறம் எழுந்து தண்ணி விடப் போவே. நீ எங்கடி போகப்போறே?"

குழந்தை எதற்கோ சிரித்தது.

எங்கே போகப்போகிறாள்? பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் எல்லோரும் போட்ட கணக்கு இந்த ஒற்றை வரிதான். தம்பிக்குத் தனி அறை, அவளுக்குக் கூடம். தம்பிக்குச் சூடாக, அவளுக்கு மிச்சமாக. கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு எல்லாம் கிடைக்கும். இருக்கிறவள் கிள்ளுக்கீரை. யாரும் வாய்விட்டுச் சொல்லாததால், அப்படியெல்லாம் இல்லை என்று அவளும் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறாள். இன்றைக்குப் பெற்றவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"நீ சரியாத்தான் சொன்னேம்மா" என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, அவ்வளவு மெதுவாக. "நான் எங்கயும் போகப்போறதில்ல."

அம்மாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பேனாவை எடுத்து மகள் பக்கம் நீட்டினாள்.

"கையெழுத்தும் போடப்போறதில்ல. இங்கயேதான் இருப்பேன். அந்த எஞ்சின் வரும், அதுல நான் புல்லு வெட்டுவேன். தினம் காலைல இந்தக் கூடத்துலதான் வந்து நிப்பேன். நீயும் உன் பிள்ளையும் நீங்க பண்ணதத் தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் மூஞ்சியப் பார்த்தாகணும். நான் போயிருந்தா உங்களுக்கு நல்லதா இருந்திருக்கும்மா."

நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, மரியாதையாக. பிறகு இன்னொரு தடவை. குடோன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்.

தம்பி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தான். "நான் போய் ஏதாவது சொல்லி, இன்னொரு நாள் வரச் சொல்லிடறேன்."

"நீ உட்காரு. நீ இதுவரைக்கும் சொன்னதெல்லாம் போதும். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"அக்கா, அவர்கிட்ட நீ எதுவும் பேச வேண்டாம்!" அவன் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. அக்காவிடம் பயம் என்று சொல்ல முடியாது. வேறு எதற்கோ பயம். "சொன்னாக் கேளு. உனக்குத் தெரியாத விஷயம் இருக்கு அதுல."

பெரியவள் நின்று அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆயில் கறை படிந்த கையாலேயே கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி என்று நினைத்து வெடுக்கென்று திரும்பினாள். இடுப்பில் குழந்தையோடு தம்பி பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த விஷயம் என்னன்னு எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள். "நானும் வரேன்."

பெரியவள் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலை நோக்கி நடந்தாள்.